தினம் ஒரு பொட்டலம்

எது தப்பாகப் போனாலும் அந்த அம்மா முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். தோணி மணல் திட்டில் ஏறி நின்றுவிடும். கோல் போட்டவன் நான், தண்ணீரின் ஆழத்தைச் சரியாகப் பார்க்காதவனும் நான். அவரோ, "நான் இந்தப் பக்கமா சாஞ்சு உக்காந்துட்டேன் போல" என்று நகர்ந்து உட்காருவார். அடுப்பங்கரையில் இருந்த மீனை நாய் தூக்கிக்கொண்டு போனால், மூடியைச் சரியாகப் போடவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்வார். மூடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அப்படியே விட்டுப் போனவன் நானாக இருப்பேன். முதல் மாதம் இது எனக்கு வசதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கடைசி வரைக்கும் வசதியாகத்தான் இருந்தது.

பழவேற்காட்டுக் கோட்டையை ஆங்கிலேயர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, சில வருஷம் கழித்து ஊரை மறுபடி ஒல்லாந்தர் கையில் கொடுத்திருந்த காலம் அது. நான் அதற்கு முன் தெற்கே உப்பளத்தில் இருந்தேன். பிறகு துறையில் மூட்டை தூக்கினேன். பிறகு ஒரு துணி வியாபாரியிடம் சீலை மடித்தேன். பஞ்சத்தில் வீட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்கள். போவதற்கென்று ஒரு இடம் இல்லாததால் எல்லா இடத்துக்கும் போனேன். எங்கும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. இரண்டு வருஷம் எழுத்துப் படித்திருந்தேன், நூறைத் தாண்டியும் தடுமாறாமல் எண்ணுவேன். அந்த அம்மா என்னை வேலைக்கு வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

அவர் கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். போர்க்காலத்திலும் ஊரை விட்டுப் போகாமல் தங்கிவிட்ட ஒல்லாந்து வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்குத் துணி துவைக்கப் போன இந்த அம்மா, மருந்து இடிக்க ஆரம்பித்து, கட்டுப் போடக் கற்று, வைத்தியருக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு மருந்தை நிறுத்துக் கொடுக்கிறவர் ஆகிவிட்டார். ஏரிக்கரைக் குப்பங்களில் அவரை மருந்தம்மா என்பார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கும் தெரியாது.

அவரிடம் இருந்த மருந்துகளில் ஒன்றுக்கு மட்டும் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. அது ஒரு காய்ந்த இலை. வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் தகர டப்பாவில் வரும். நம் மண்ணில் முளைக்காத செடி. நெஞ்சு தாறுமாறாக அடித்து, மூச்சு இளைத்து, காலில் நீர் கோத்துக்கொள்கிறவர்களுக்கு அதைப் பொடி செய்து கொடுத்தால் துடிப்பு நிதானத்துக்கு வரும், நீர் இறங்கும். கொஞ்சம் கூடினால் அதே பொடி நெஞ்சை நிறுத்திவிடும். குணமாக்குகிற அளவுக்கும் கொல்லுகிற அளவுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு நகத்தின் அழுக்கு அளவுதான்.

அதை நிறுக்கும்போது அவரோடு பேசக் கூடாது. சின்னப் பித்தளைத் தராசு. ஒரு தட்டில் குன்றிமணி, மறு தட்டில் பொடி. நிறுத்தபின் தட்டுகளை மாற்றி இன்னொரு முறை நிறுப்பார். யாராவது வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டால், பாதி நிறுத்ததைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். "உன் கண்ணுதான் தராசு முள்ளுல இருந்துச்சே" என்றேன் ஒருமுறை. "கண்ணு இருந்துச்சு. நெனப்பு வாசல்ல இருந்துச்சு" என்றார்.

பொட்டலத்தை நோயாளியின் கையில் மொத்தமாகக் கொடுப்பதில்லை. தினமும் தோணியில் போவோம். கப்பலில் இருந்து வந்த அரை நிமிஷ மணல் குப்பி ஒன்றை வைத்திருந்தார். அதைக் கவிழ்த்து வைத்து, மணல் முழுதும் இறங்குகிறவரைக்கும் மணிக்கட்டைப் பிடித்துத் துடிப்பை எண்ணவேண்டும். அவர் ஒரு கையைப் பிடிப்பார், நான் இன்னொரு கையைப் பிடிப்பேன். இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி. முப்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கு மருந்து கிடையாது. சோறு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று சொன்னாலும் கிடையாது. ஒரு நாள் விட்டுப்போனால் அந்த நாள் போனதுதான், மறுநாள் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இந்த விதிகளை எனக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்து மூன்று தடவை திரும்பச் சொல்ல வைத்தார்.

குப்பத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். "மருந்தம்மா, கொழம்புக்கு உப்பு போடவும் மணலக் கவுத்துப் பாப்பியா?" என்று ஒருத்தி கேட்பாள். "பாக்கறதில்ல. அதான் என் கொழம்ப யாரும் துன்றதில்ல" என்பார் இவர். பசியாவரத்தில் கையால் நண்டு துழாவிப் பிடிக்கிறவர்கள், எங்கள் தோணி அந்தப் பக்கம் போனால் நாலு நண்டு போடுவார்கள். ஒருமுறை அங்கே ஒரு கிழவர் வீங்கின காலை நீட்டி, எங்கள் இன்னொரு நோயாளி எல்லப்பனுக்குக் கொடுக்கிற பொடியைத் தனக்கும் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து எண்ணினார். துடிப்பு ஒழுங்காக இருந்தது. "உன் வீக்கம் வேற தாத்தா. இது அவன் நெஞ்சுக்கு அளந்தது. உனக்குக் குடுத்தா நாளைக்கி உன் மவன் என்னைத் தேடி வருவான்" என்று சொல்லிவிட்டார். நண்டையும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். நான்தான் வாங்கித் தோணியில் போட்டேன்.

ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷின் தாயாருக்கு ஒருநாள் துடிப்பு இருபத்தாறு. மருந்து இல்லை என்றார். வழக்கமாகக் கொடுப்பதை ஏன் கொடுக்கவில்லை என்று துபாஷ் வாசலில் நின்று கத்தினார், வைத்தியரிடம் சொல்லி வேலையை விட்டே எடுத்துவிடுவேன் என்றார். இந்த அம்மா மணல் குப்பியைத் திரும்பக் கவிழ்த்து, துபாஷின் கையைப் பிடித்துத் தாயின் மணிக்கட்டில் வைத்து, "நீங்களே எண்ணுங்க ஐயா" என்றார். அவர் எண்ணினார். பிறகு கத்தவில்லை.

ஏன் இப்படி என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் நான் கேட்காமல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாலுமிக்குக் காலையில் வைத்தியர் மருந்து கொடுத்திருக்கிறார். அது தெரியாமல் இவரும் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் அப்படியே நடந்திருக்கிறது. "செத்துப்போய்ட்டான். எங்க ரெண்டு பேர்ல யார் கேட்டிருந்தாலும் பொழச்சிருப்பான்" என்றார். அவ்வளவுதான். கோலைப் பார்த்துப் போடு என்று எனக்குச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி எல்லப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த குப்பத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். நாங்கள் முதலில் பார்த்தபோது படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். துடிப்பை எண்ணவே முடியவில்லை, கூடையில் போட்ட இறால் மாதிரி துள்ளியது. ஒரு மாதம் இலைப்பொடி உள்ளே போனபிறகு வலையைத் தோளில் போட்டு நடந்தார். என்னைத் தம்பி என்பார், மருந்தம்மாவைத் தங்கச்சி என்பார். நான் எண்ணும்போது வேண்டுமென்றே நடுவில் தப்புத்தப்பாக எண் சொல்லி என்னைக் குழப்பப் பார்ப்பார். அந்தப் பொடி இருந்தால் அவர் இருப்பார், இல்லாவிட்டால் பழையபடி சுவரில் சாய்வார். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தக் குப்பத்தில் பாடு என்று ஒரு ஏற்பாடு. முகத்துவாரத்தில் வலை கட்டுகிற நல்ல இடங்கள் கொஞ்சம், வலை வைத்திருக்கிற குடும்பங்கள் நிறைய. அதனால் முறை போட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு இவன் பாடு, நாளைக்கு அவன் பாடு. ஒருத்தன் தன் பாட்டு நாளில் காய்ச்சலில் கிடந்தாலோ வீட்டில் சாவு விழுந்தாலோ, அந்த முறை அழிந்துபோகாது. எழுந்து வந்ததும் விட்டுப்போனதைச் சேர்த்து அடுத்தடுத்த நாட்களில் கட்டிக்கொள்ளலாம். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். யாருக்கு எத்தனை முறை விட்டுப்போயிருக்கிறது என்பதைக் கேட்டால் சொல்கிறவர் எல்லப்பன்தான். நியாயஸ்தர் என்று பெயர்.

கப்பலில் புது டப்பா வந்து அதைத் திறந்த சமயம், வைத்தியரைக் கண் காட்டக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா சென்னைப்பட்டணம் போகவேண்டியிருந்தது. போக, இருக்க, வர ஒன்பது நாள். அப்போது அந்தப் பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எல்லப்பன் ஒருவர்தான். துபாஷின் தாயார் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒன்பது பொட்டலம் நிறுத்து என்னிடம் கொடுத்தார். மணல் குப்பியையும் கொடுத்தார். விதிகளை மறுபடி ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். "நீ எண்ணிக்கை தப்பாதவன். அதான் போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

நாலு நாள் ஒழுங்காகப் போனேன். ஐந்தாம் நாள் காலை கரையில் சிலபேர் கூண்டுகளோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்பம்பட்டில் சேவற்கட்டு என்றார்கள். கால் அரிக்கிறது என்பார்களே, எனக்கு அது உண்மையாகவே உள்ளங்காலில் தெரியும். நாலு மாதமாக ஒரே ஏரி, ஒரே தோணி. சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று போனேன். திரும்பியது எட்டாம் நாள் காலை. இடையில் எல்லப்பன் நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். தினமும் வந்தது. நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று அதைத் தள்ளினேன்.

எட்டாம் நாள் பெட்டியைத் திறந்தால் ஐந்து பொட்டலம் இருந்தது. இரண்டுதான் இருந்திருக்கவேண்டும். மறுநாள் அந்த அம்மா வந்து முதலில் எண்ணிப் பார்ப்பது அதைத்தான். ஏரியில் மூன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்திருந்தால் எல்லப்பன் பிழைத்திருப்பார். ஆனால் விலை உயர்ந்த மருந்தை வீணாக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு நல்லவன் அப்போது பார்த்து எழுந்தான்.

எல்லப்பன் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மனைவி கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தாள். "இன்னா தம்பி, மூணு நாளா ஆளைக் காணோம்?" என்றார். காய்ச்சல் என்றேன். நம்பினார். கையைப் பிடித்தேன். வேகமாக, ஒழுங்கில்லாமல் இருந்தது, நாற்பதைத் தாண்டியது. ஒன்றைக் கொடுத்தேன். தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"மீதி மூணு?"

"சேத்துக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீறாங்க."

"அது இன்னா நியாயம்? நீ காய்ச்சல்ல கெடந்த. அதுக்கு என் முறை அழிஞ்சுடுமா? விட்டுப்போன பாட்டைச் சேத்துதானே கட்டுவோம்."

அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை ஒப்பித்தவன் நான். ஆனால் பெட்டியில் எண்ணிக்கை சரியாகிவிடும் என்பதும் தெரிந்தது. கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத அண்ணே, என்னை வெரட்டிடும்" என்றேன். அவர் சிரித்தார். "நான் எதுக்குச் சொல்றேன். என் வாயிலேந்து வராது போ" என்றார்.

மறுநாள் மதியம் அந்த அம்மா வந்ததும் பெட்டியைத் திறந்தார். ஒன்று இருந்தது, கணக்கு சரியாக இருந்தது. என் தோளில் ஒருமுறை தட்டினார். அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். எல்லப்பன் சுருண்டு கிடந்தார். விடியற்காலையிலிருந்து வாந்தி என்றாள் மனைவி. வெளிச்சமெல்லாம் மஞ்சள் தண்ணீரில் முக்கினாற்போல் இருக்கிறது என்றார் அவர். மணல் இறங்கியது. பதினெட்டு. நடுநடுவே துடிப்பே இல்லாமல் நீண்ட இடைவெளி. நான் இன்னொரு கையைப் பிடித்திருந்தேன். என் எண்ணிக்கையும் பதினெட்டு.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற பார்வை. "எத்தினி குடுத்த?"

"தினம் ஒண்ணு."

"எண்ணிட்டுத்தான் குடுத்தியா?"

"எண்ணிட்டுத்தான்."

எல்லப்பன் பக்கம் திரும்பினார். அந்த மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டு, "தினம் ஒண்ணுதான் தங்கச்சி. பாவம் தம்பி, தவறாம வந்தான்" என்றார்.

அந்த அம்மா மூன்று நாள் அந்தக் குடிசையிலேயே இருந்தார். கஞ்சித் தண்ணீரை சின்னக் கரண்டியால் ஊற்றுவார், மணலைக் கவிழ்ப்பார், எண்ணுவார். இருபது, இருபத்திரண்டு, இருபத்தேழு. மூன்றாம் நாள் எல்லப்பன் எழுந்து உட்கார்ந்து மீன் கேட்டார். எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த அம்மா தராசை எடுத்தார். குன்றிமணிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார், புதிய மணிகளை வைத்துப் பார்த்தார், கடைத்தெருத் தட்டானிடம் கொண்டுபோய் அவன் தராசோடு ஒப்பிட்டார். அன்று மிச்சமான பொட்டலத்தைப் பிரித்து நிறுத்தார். அளவு சரி. நிறுத்த கை சரி, கொடுத்த கை சரி. அப்படியென்றால் இலைதான். டப்பாவுக்கு டப்பா இலையின் வீரியம் மாறும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது இலை கலந்தும் இருக்கலாம். வைத்தியரும் கேட்டுவிட்டு அப்படித்தான் இருக்கவேண்டும் என்றார். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். சொல்வதற்கு இடம் இருந்தது. என்னைத் தாண்டித்தான் அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

தோணியை நான்தான் தள்ளினேன். ஆழம் இருக்கிற இடத்துக்குப் போகச் சொன்னார். கரையில் கொட்டினால் ஆடு மேயும் என்றார். அங்கே போனதும் எனக்குப் பயம் வந்து, "கொஞ்சம் கம்மியா போட்டுப் பாக்கலாமேம்மா" என்றேன்.

"யார் மேல பாக்கறது? உன் மேலயா?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "எவ்வளவு வீரியம்னு தெரியாத இலைய அளக்கறதுக்கு எங்கிட்ட தராசு இல்ல நைனா" என்றார். டப்பாவைக் கவிழ்த்தார். இலைத் தூள் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு ஊறி இறங்கியது. ஒரு வருஷத்து மருந்து. அதில் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்தவன் அந்த ஏரியில் நான் ஒருவன்தான்.

அடுத்த கப்பல் மழைக்காலம் கழித்துத்தான். சென்னைப்பட்டணத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். அங்கேயும் கப்பலுக்குத்தான் காத்திருந்தார்கள். எல்லப்பனுக்கு முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் கால் வீங்கியது. பிறகு துடிப்பு பழையபடி துள்ளியது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தார். ஒருநாள் அந்த அம்மா அடுப்பு மூட்ட வெளியே போனபோது நான் எல்லப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நல்ல இலையைக் கொட்டவிட்டதையும் சேர்த்து. அவருக்கு மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது.

"இப்ப சொன்னா எல திரும்பி வருமா?"

"வராது."

"அப்ப உட்டுடு. நானும்தானே கேட்டு வாங்கிக் குடிச்சேன்." பிறகு, "பொய்யி நானும் சொன்னேன்ல. அந்தத் தங்கச்சிய நெனச்சாத்தான்" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். எட்டு நாளில் இறந்தார்.

உடலை எடுத்துப் போனபிறகு அந்த அம்மா எல்லப்பனின் மனைவி முன்னால் போய் நின்று, கெட்ட இலையைக் கொடுத்தது தான்தான், பார்த்துத் தெரிந்துகொள்ளாதது தன் தப்பு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். குப்பத்தில் ஒருத்தன் மண்ணை வாரி வீசினான். மருந்தம்மா மேலே விழுந்தது, தட்டிவிடவில்லை. நான் தோணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மழை விட்டுக் கப்பல் வந்தது, புது டப்பாவும் வந்தது. வேறு இரண்டு நோயாளிகள் அதற்காகக் காத்திருந்தார்கள். அவர் டப்பாவைத் திறந்து வைத்தார், தராசை எடுத்து வைத்தார். பிறகு இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

"நீ நிறு. என் கைய நம்பி இனி குடுக்க முடியாது. உன் கை தப்பல."

பத்து நாள் நிறுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடமிருந்து கற்றுக்கொள்கிறவர் போல என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் ஊருக்குப் போகிறேன் என்றேன். எனக்கு ஊர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வைத்தியரிடம் சொல்லி ஒரு காகிதம் எழுதி வாங்கி வந்தார். வைத்தியரின் கண் சரியில்லாததால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தரின் மருந்தறைக்கு ஆள் வேண்டுமாம், இதைக் காட்டு என்றார்.

நான் அங்கே போகாமல் வேறு எங்கேயும் போயிருக்கலாம். கால் அங்கேதான் போனது. மருந்தறைத் தலைவர் காகிதத்தை முகத்துக்கு அருகே வைத்துப் படித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பவரைக் கேட்டேன். "இவன் எண்ணிக்கை தவறாதவன், விஷ மருந்தையும் நம்பிக் கொடுக்கலாம்னு சொல்லியிருக்கு" என்றார் அவர். தலைவர் இடுப்பிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.